ஆறு அங்குலத் திரையில் ஒரு கடை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு பெண்ணுக்குத் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் லிங்க் வருகிறது. ‘அக்கா, நவராத்திரிக்குச் சுங்குடி வேணும்னு சொன்னியே, சின்னாளபட்டிக் கடை இது, பாரு.’ தொடுகிறார். வெள்ளைத் திரை. ரயில் சானடோரியத்தை நெருங்கும்போதுதான் படம் ஒன்று மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அதன் கீழே எழுத்துகள் பொடிப் பொடியாகத் தெரிகின்றன. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ‘விலைப்பட்டியல்’ என்று இருந்த இடத்தைத் தொட்டால் பிடிஎஃப் கோப்பு ஒன்று இறங்கத் தொடங்குகிறது. நேராகக் கடைக்கே பேசிவிடலாம் என்று பார்த்தால், தொலைபேசி எண் பேனர் படத்துக்குள் அச்சாகியிருக்கிறது. அழுத்திப் பார்க்கிறார், எதுவும் நடக்கவில்லை. குரோம்பேட்டை வந்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்.

அதே நேரத்தில் கடை முதலாளி தன் மேசைக் கணினியில் அதே தளத்தைத் திறந்து பார்க்கிறார். 22 அங்குலத் திரை, ஃபைபர் இணைப்பு, கண் நிறைந்த படங்கள். தளத்தைச் செய்து கொடுத்த பையனிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: “சைட்டு அருமையா இருக்கு தம்பி, ஆனா ஒரு போன்கூட வரலையேப்பா?”

சின்னாளபட்டிக் கடை இந்த அத்தியாயத்துக்காக வைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் அதில் சொன்ன ஒவ்வொரு கோளாறும் நம் ஊர்ச் சிறு தொழில் தளங்களில் அன்றாடம் பார்க்கக் கிடைப்பது. முதலாளி பார்க்கும் திரையும் வாடிக்கையாளர் பார்க்கும் திரையும் வேறு வேறு என்பதிலிருந்துதான் எல்லாக் கோளாறும் கிளைவிடுகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் எந்த யோசனையையும் கணினியில் சரிபார்க்க வேண்டாம். கையில் போனை எடுத்துக்கொண்டு படிப்பது நல்லது.

பொடி எழுத்து எங்கிருந்து வருகிறது

2007இல் ஆப்பிள் முதல் ஐபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, உலகில் இருந்த இணையதளங்களில் பெரும்பாலானவை கணினித் திரைக்கென்று செய்யப்பட்டவை. அந்தச் சின்னத் திரையில் அவற்றை எப்படிக் காட்டுவது? ஐபோனின் சஃபாரி உலாவி ஒரு வழி கண்டது. தன் திரை 980 பிக்சல் அகலம் என்று பாவித்துக்கொண்டு பக்கத்தை அமைத்து, பிறகு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டியது. பிற கைப்பேசி உலாவிகளும் ஏறத்தாழ இதையே பின்பற்றின. ரயிலில் அந்தப் பெண் பார்த்த பொடி எழுத்து இந்தச் சுருக்கலின் விளைவுதான்.

இதற்கு மாற்றும் ஆப்பிளிடமிருந்தே வந்தது. ‘சுருக்க வேண்டாம், திரையின் உண்மையான அகலத்துக்கே பக்கத்தை அமை’ என்று உலாவிக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. வியூபோர்ட் வரி என்று அதைக் குறிப்பிடுவார்கள். 2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர், ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானே வளைந்து கொடுக்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். ‘ரெஸ்பான்சிவ்’ என்று இன்று எல்லா டெவலப்பரும் சொல்லும் சொல் அங்கே பிறந்தது. கணினியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று பத்திகள், கைப்பேசியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிவிடும். கணினிக்கு ஒரு தளம், போனுக்கு ஒரு தளம் என்று இரட்டைப் பராமரிப்பு வேண்டியதில்லை.

இன்றைய வேர்ட்பிரஸ் வடிவங்களில் இதெல்லாம் ஏற்கெனவே உள்ளது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் செய்த தளத்தில் இல்லாமல் இருக்கலாம். சோதிப்பது எளிது. போனில் திறந்ததும் விரித்துப் பார்க்காமல் படிக்க முடிகிறதா, பக்கம் இடவலமாக ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் பழைய தளத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதைவிடப் புதிதாகச் செய்வதே செலவு குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில டெவலப்பர்கள் அந்த வியூபோர்ட் வரியிலேயே ‘வாடிக்கையாளர் விரித்துப் பெரிதாக்க முடியாது’ என்றும் சேர்த்துப் பூட்டி விடுகிறார்கள். வடிவம் குலையக் கூடாது என்பது அவர்கள் காரணம். வெள்ளெழுத்து வந்த ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிய அநியாயம். பட்டுச் சேலையோ மரச்செக்கு எண்ணெயோ, பணம் கொடுத்து வாங்குகிறவர்களில் அந்த வயதினரும் பலர். பூட்டு இருந்தால் எடுக்கச் சொல்லிவிட வேண்டும்.

கூகுள் பார்ப்பதும் போன் வழியாகத்தான்

2015 ஏப்ரல் 21 அன்று கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. கைப்பேசியில் தேடுபவருக்கு, கைப்பேசியில் படிக்கத்தக்க பக்கங்களை முன்னால் வைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஒரு தளத்தின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பட்டியலிடப் போவதாக அறிவித்து, 2018 மார்ச்சில் பரவலாக அமலாக்கத் தொடங்கியது. இந்த மாற்றம் 2024 ஜூலை 5 அன்று கடைசிக் கட்டத்தை எட்டியது. போனில் திறக்கவே திறக்காத தளம் அந்தத் தேதிக்குப் பிறகு கூகுளின் பட்டியலில் சேராது.

நடைமுறையில் இதற்கு ஒரு பொருள் உண்டு. போனில் இடம் இல்லை என்று விலை விவரத்தையோ, சேலையின் நீளம், நூல் பற்றிய குறிப்பையோ மறைத்துவிட்டால், கணினியில் அது எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் தேடலுக்கு அது இல்லாததுபோல்தான். சுருக்கி வைக்கலாம், தொட்டால் விரியும்படி வைக்கலாம். நீக்கக் கூடாது.

படங்களின் எடை

சிறு கடைத் தளத்தைக் கெடுப்பதில் முதலிடம் புகைப்படங்களுக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம் இருக்கும். எடை சுமார் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். கூகுளின் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி, கைப்பேசி வேகத்தைக் கணக்கிடும்போது நொடிக்கு 1.6 மெகாபிட் என்ற மெதுவான 4ஜி இணைப்பை எடுத்துக்கொள்கிறது. 4 எம்பி என்பது 32 மெகாபிட். ஒரு படம் இறங்க 20 நொடி. முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் இருந்தால் 100 நொடி. அந்தப் பெண்ணின் ரயில் சானடோரியத்தை நெருங்கும்வரை படம் வராததற்குக் கணக்கு இவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்தப் பெரிய படத்தால் பயனும் இல்லை. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல், மலிவான போன்களில் 720. 4000 பிக்சல் படத்தை அனுப்பினாலும் திரை காட்டப்போவது அவ்வளவுதான். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி என்ற வடிவத்தில் சேமித்தால் ஒரு சேலைப் படம் 200 கேபி அளவில் அடங்கிவிடும். அதே மெதுவான இணைப்பில் ஒரே நொடி. இருபது நொடியும் ஒரு நொடியும் ஒரே படத்துக்கு. இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஸ்குவூஷ் என்று கூகுள் பொறியாளர்கள் செய்த கருவி உலாவிக்குள்ளேயே இலவசமாக இந்த வேலையைச் செய்கிறது. இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் சுருக்கிய படம் என்று நடுக்கோட்டை நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுங்குடிக்கு ஒரு சிக்கல் உண்டு. நூலால் முடிச்சுப்போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுத்த புள்ளிதான் அதன் அடையாளம். அச்சடித்த புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும். முடிச்சுப் புள்ளியின் ஓரம் சற்றே கலங்கியிருக்கும், நடுவில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். படத்தைச் சுருக்கினால் இது போய்விடாதா என்று கடைக்காரர் கவலைப்படுவது நியாயம். வழி இருக்கிறது. முதல் படம் முழுச் சேலையும் தெரியும் சிறிய படம். இரண்டாவது, ஒரு சாண் துணியை மட்டும் வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்த படம். வாடிக்கையாளர் தொட்டால் மட்டும் அது திறக்கட்டும். புள்ளியைப் பார்க்க விரும்புகிறவர் ஒரு நொடி காத்திருப்பார்.

படங்களை டெவலப்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் தன் போக்கில் படத்தை நசுக்கிவிடும். மூலத்தை டாக்குமென்ட்டாக அனுப்பி, சுருக்குகிற வேலையைத் தளத்துக்கென்று ஒரே முறை செய்வதுதான் சரி. மூலப்படங்கள் கடைக்காரரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஸ்லைடரைப் பற்றி ஒரு தீர்ப்பு: வேண்டாம். போனில் இரண்டாவது படம் வருவதற்குள் விரல் கீழே போய்விடுகிறது. யாரும் பார்க்காத நான்கு படங்களின் எடையை வாடிக்கையாளரின் டேட்டாவில் ஏற்றுவதால் யாருக்கும் லாபமில்லை. நல்ல படம் ஒன்றே ஒன்று முகப்பில் நிற்கட்டும். கீழே உள்ள படங்கள், விரல் அங்கே வரும்போது மட்டும் இறங்கும்படி அமைக்கலாம். ‘லேசி லோடிங்’ என்றால் டெவலப்பருக்குப் புரியும். முகப்புப் படத்துக்கு மட்டும் அதைப் போடக் கூடாது. போட்டால் முதலில் வர வேண்டியதே தாமதமாகும்.

இன்னொன்று, பக்கம் குதிப்பது. ‘விலை’ என்ற பொத்தானை நோக்கி விரல் இறங்கும் அந்தக் கணத்தில் மேலே ஒரு படம் வந்து சேர்கிறது, பக்கம் முழுவதும் கீழே தள்ளப்படுகிறது, விரல் வேறெதன் மீதோ படுகிறது. எல்லோருக்கும் நேர்ந்த அனுபவம் இது. ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை முன்கூட்டியே குறித்து வைத்தால் உலாவி அதற்கான இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருக்கும். சில நிமிட வேலை.

இதையெல்லாம் அளக்க கூகுள் மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் திரையில் அசைவு தெரிய வேண்டும். மேலே சொன்ன குதிப்பின் மதிப்பெண் 0.1ஐத் தாண்டக் கூடாது. நான்கு முறை தளம் திறக்கப்பட்டால் மூன்று முறையாவது இந்த அளவுக்குள் இருந்தால்தான் தேர்ச்சி. இவற்றில் 200 மில்லி நொடி அளவுகோல் 2024 மார்ச்சில்தான் சேர்ந்தது என்பதால் பழைய வழிகாட்டிகளில் வேறொன்று இருக்கும். பக்கம் வர மூன்று நொடிக்கு மேல் ஆனால் கைப்பேசி வருகைகளில் 53 சதவீதம் பாதியிலேயே கைவிடப்படுகிறது என்று 2016இல் கூகுள் வெளியிட்ட கணக்கையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

தமிழுக்கென்று சில வேலைகள்

தமிழில் தளம் வைப்பவர் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய வழிகாட்டிகளில் இவை கிடைப்பதில்லை.

முதலில் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய எழுத்து, அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். போனில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குவியலாக நிற்கும். அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய விலைப்பட்டியலை அப்படியே தளத்தில் ஒட்டும்போது இது நடக்கிறது. யூனிகோடு தரத்தில் 1991இலேயே தமிழுக்கு இடம் வந்துவிட்டது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் பல உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது இந்த மாற்றத்தில் வழக்கம்.

இந்தத் தொல்லைக்கு அஞ்சிச் சிலர் எழுத்தையே படமாக்கிவிடுகிறார்கள். நோட்டீஸ் போல அழகாக வடிவமைத்த ஒரே படம், அதற்குள் விலை, முகவரி, எண் எல்லாம். போனில் அது தீப்பெட்டி லேபிள் அளவுக்குச் சுருங்கும். தேடலிலும் அந்த எழுத்து எழுத்தாகச் சேராது. எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, முகவரியை நகலெடுக்க முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் படித்துக்காட்டும் செயலிக்கும் அது வெறும் படம்தான்.

அழகான எழுத்துரு வேண்டும் என்று நான்கைந்தை ஏற்றவும் வேண்டாம். ஒவ்வொன்றும் தனியாக இறங்கும் கோப்பு. ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே உள்ளது, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் உள்ளது. கருவியிலேயே இருக்கும் எழுத்துருவைப் பயன்படுத்து என்று சொல்லிவிட்டால் இறக்க வேண்டியது எதுவுமில்லை. கடைப் பெயருக்கு மட்டும் தனி எழுத்துரு வைத்தாலே தனித்தன்மை வந்துவிடும்.

அடுத்து வரி இடைவெளி. தமிழில் ‘கீ’ மேலே சுழிக்கும், ‘கூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் இடித்துக்கொள்ளும். எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி உயரம் அதைப்போல் 1.6 மடங்குக்குக் குறையாமல் இருந்தால் கண்ணுக்கு இதம். தடித்த எழுத்தையும் அளவாகப் பயன்படுத்த வேண்டும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது உலாவி தானே பூசி மெழுகித் தடிமனாக்கும். அப்போது ‘ஐ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும்.

நம் சொற்கள் நீளமானவை. ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்ற ஒரு பொத்தானே பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பொத்தான்கள் ஒரே வரிசையில் இருந்தால் மூன்றாவது வெளியே தொங்கும். ‘அழைக்க’, ‘வாட்ஸ்அப்’, ‘வழி’ என்று வைத்தால் மூன்றும் அடங்கும், பொருளும் குறையாது.

பக்க முகவரியில் தமிழ் வைக்கலாமா? வைக்கலாம், கூகுளுக்கும் புரியும். ஆனால் அதை நகலெடுத்துப் பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது எழுத்தாக விரிந்துவிடுவது உண்டு. ‘சேலை’ என்ற சொல்லில் ச, ஏகாரக் கொம்பு, ல, ஐகாரக் கொம்பு என நான்கு குறிகள். மொத்தம் 36 எழுத்து. ஐந்து சொல் தலைப்பு என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு பத்தி நீளத்துக்குப் புரியாத சரம் வந்து விழும். பார்ப்பவர் ஏமாற்று லிங்க் என்று பயப்படுவார். வாய்மொழிப் பரிந்துரையில் வளரும் கடைக்குக் குட்டியான ஆங்கில எழுத்து முகவரிதான் உதவும்.

கட்டைவிரல் எட்டும் தூரம்

ஒரு கையில் பை, மறு கையில் போன். நம் வாடிக்கையாளர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறார். தொடவேண்டிய எதுவும் கட்டைவிரலுக்குப் போதுமான அளவில் இருக்க வேண்டும். ஆப்பிள் சொல்லும் அளவு 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு சொல்வது 48 அலகு. இரண்டாவது, திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அழைக்கும் பொத்தானும் வாட்ஸ்அப் பொத்தானும் திரையின் அடியில் எப்போதும் நிற்கட்டும். கட்டைவிரல் அங்கேதான் இருக்கிறது.

தொலைபேசி எண்ணைத் தொட்டதும் டயலர் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்கும் இப்படி ஒரு லிங்க் வசதி உண்டு. அதில் எண்ணை எழுதும்போது கூட்டல் குறியோ முன் பூஜ்யமோ இல்லாமல் 91இல் தொடங்க வேண்டும். இதில் தவறினால் லிங்க் வேலை செய்யாது, கடைக்காரருக்கு அது தெரியவும் தெரியாது. அந்த லிங்க்கில் செய்தியையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். ஒவ்வொரு சேலையின் கீழும் உள்ள பொத்தானில் ‘சேலை எண் 114 இருக்கிறதா?’ என்று நிரப்பி வைத்தால், வாடிக்கையாளர் ‘அந்த மஞ்சள்ல பச்சை பார்டர் போட்டது’ என்று விளக்கத் தேவையில்லை. கடைக்காரரும் தேடத் தேவையில்லை. சிறு கடைக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை என்றே சொல்லலாம்.

பணம் செலுத்தும் இடத்தில் ஒரு விநோதம் நம் தளங்களில் பரவிக் கிடக்கிறது. கியூஆர் கோடு. கடை மேசையில் அது அருமையான வசதி. அதே படத்தை இணையதளத்தில் வைத்து, ‘ஸ்கேன் செய்து பணம் செலுத்துங்கள்’ என்கிறார்கள். வாடிக்கையாளர் தளத்தைப் பார்ப்பது போனில். ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதே போன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, யுபிஐ செயலியைத் திறந்து, கேலரியிலிருந்து அதை ஏற்றி என்று சுற்ற வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் நடுவழியில் விட்டுவிட்டால் அது அவர்கள் தவறில்லை. யுபிஐ ஐடியை எழுத்தாகக் கொடுத்து, பக்கத்தில் ‘நகலெடு’ பொத்தான் வைத்தால் எளிது. கட்டண வாயில் நிறுவனங்கள் வழியாகச் சென்றால், தொட்டதும் போனில் இருக்கும் யுபிஐ செயலியே திறக்கும்.

விலைப்பட்டியலுக்கு வருவோம். எண், பெயர், நீளம், நிறம், விலை, தள்ளுபடி என்று ஆறு பத்தி கொண்ட அட்டவணை போனில் அடங்காது. பிடிஎஃப் ஆக்கினாலும் அதே கதை, விரித்து விரித்து நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனிச் சிறு கட்டமாக்கி ஒன்றன் கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். மேலே படம், கீழே பெயர், அதன் கீழே பெரிதாக விலை. விலையை எழுதாமல் ‘விலைக்கு அழைக்கவும்’ என்று போடும் பழக்கம் பலரிடம் உண்டு. போட்டிக்கடை பார்த்துவிடும் என்ற அச்சம். போட்டிக்காரர் எப்படியும் வேறு எண்ணிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வார். தெரியாமல் போகிறவர் வாடிக்கையாளர் மட்டும்தான்.

படிவங்களில் கேட்பதைக் குறைக்க வேண்டும். பெயர், போன் எண், முகவரி, பின்கோடு. கூரியர் போட இவ்வளவு போதும். போன் எண், பின்கோடு கட்டங்களைத் தொட்டால் எண் விசைப்பலகை வரும்படி அமைக்கலாம். கட்டத்துக்குள் உள்ள எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனில் பக்கம் தானாகவே பெரிதாகித் திரை நகர்ந்துவிடும். ‘ஐபோனில் மட்டும் ஏதோ ஆகிறது’ என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே லிங்க்கைத் தொட்டால் தளம் குரோமில் திறக்காமல் இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே ஒரு குட்டி உலாவியில் திறக்கும். இப்படிச் செயலிக்குள் அமைந்த உலாவிகளில் கூகுள் கணக்கு வழியாக உள்நுழைவதை கூகுள் அனுமதிப்பதில்லை. ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்ற ஒரே வழியை மட்டும் வைத்திருந்தால் அந்த வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றுவிடுவார். சேலை வாங்க உள்நுழைவு எதற்கு என்று யோசித்தால் பிரச்சினையே இருக்காது.

செயலி வேண்டுமா?

‘ஒரு ஆப் போட்டுடலாம் அண்ணே’ என்ற யோசனை சிறு கடைகளுக்கும் வரத் தொடங்கிவிட்டது. மிந்த்ராவின் அனுபவம் இதற்குப் பதில். 2015 மே மாதம் அந்த நிறுவனம் இணையதளத்தை மூடிவிட்டுச் செயலியில் மட்டும் விற்றது. 2016 ஜூன் 1 அன்று தளத்தை மீண்டும் திறந்தது. அதே காலத்தில் கைப்பேசித் தளத்தை நிறுத்திப் பார்த்த ஃபிளிப்கார்ட்டும் 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் உலாவியிலேயே இயங்கும் இலகுவான தளத்தைக் கொண்டுவந்தது. இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே தளம் தேவைப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை சேலை வாங்குகிறவர் அதற்காக ஒரு செயலியைப் போனில் வைத்திருக்க மாட்டார்.

சோதனை

பழைய கட்டுரைகள் கூகுளின் ‘மொபைல் ஃபிரண்ட்லி டெஸ்ட்’ கருவியைப் பரிந்துரைக்கும். 2023 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பயன்படுவது பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ். தள முகவரியைக் கொடுத்தால் குறைகளைப் பட்டியலிடும். மேல் பகுதியில் உண்மையான பயனர்களின் அனுபவம் பற்றிய விவரம் வரவேண்டும். சிறு கடைகளுக்குப் பெரும்பாலும் அது காலியாக இருக்கும், போதிய வருகை இருந்தால்தான் சேரும். அதற்காகக் கலங்க வேண்டாம். கீழே உள்ள சோதனை முடிவு போதும். நூற்றுக்கு நூறு வாங்குவதும் நோக்கமில்லை. 35இல் இருக்கும் தளம் படங்களைச் சரிசெய்தாலே நன்றாக ஏறும். அதன் பிறகு 90ஐ 95 ஆக்கச் செலவிடும் பணத்தை நல்ல படம் எடுக்கச் செலவிடலாம்.

கருவியைவிட நம்பகமான சோதனை மனிதர்தான். கடையில் வேலை பார்ப்பவரின் பழைய ஆண்ட்ராய்டு போனை வாங்கி, வைஃபையை அணைத்து, பகல் வெயிலில் வெளியே நின்று திறந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வைத்திருந்தால் அங்கேதான் குட்டு வெளிப்படும். பிறகு, தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து மூன்று வேலை சொல்ல வேண்டும்: பச்சை நிறச் சேலை ஒன்றின் விலையைக் கண்டுபிடியுங்கள், கடைக்குப் போன் போடுங்கள், கடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் அருகில் நின்று வாய் திறக்காமல் அவர் விரலை மட்டும் பார்க்க வேண்டும். ‘அங்க இல்லம்மா, மேல மூணு கோடு இருக்கு பாருங்க’ என்று சொல்லத் தோன்றும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

புதிதாகத் தளம் செய்யக் கொடுப்பவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். கடைசித் தவணைப் பணம், மேலே சொன்ன சோதனை முடிந்த பிறகு. தள முகவரி கடைக்காரர் பெயரில், கடவுச்சொல் கடைக்காரர் கையில். இவை இல்லாமல் போனதால் ஒரு எண்ணை மாற்றக்கூட மாதக்கணக்கில் காத்திருக்கும் கடைகள் இருக்கின்றன.

சின்னாளபட்டிக் கடைக்குத் திரும்பினால், தளத்தைப் புதிதாகச் செய்யும்வரை காத்திருக்காமல் அங்கே ஒரே பிற்பகலில் முடியக்கூடிய வேலைகள் நான்கு. ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரு படம் வைப்பது, படங்களைச் சுருக்குவது, எண்ணை எழுத்தாக்கி அழைப்பு லிங்க் கொடுப்பது, வாட்ஸ்அப் பொத்தான் வைப்பது. விலைப்பட்டியலைக் கட்டங்களாக மாற்ற இரண்டு மூன்று நாள் ஆகலாம். எழுத்துருவும் படிவமும் அதற்குப் பிறகு.

இப்போது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போனில் வைஃபையை அணைத்து உங்கள் கடையின் தளத்தைத் திறங்கள். விலை கண்ணில் பட எத்தனை நொடி ஆனது, போன் போட எத்தனை முறை தொட வேண்டியிருந்தது என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். திருத்தங்கள் முடிந்த அன்று அதே தாளில் மறுபடி குறியுங்கள்.